என் குரலுக்கே வாயசைப்பு

மன்ஹாட்டனுக்குப் பக்கத்து ஊரான எடிசனில் நாங்கள் போடும் தமிழ் நாடகங்களில் யாரும் மேடையில் பேசுவது கிடையாது. வசனம், பாட்டு எல்லாவற்றையும் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மெண்டில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, அன்றைக்கு வாயை மட்டும் அசைப்போம். குழந்தைகள் போடும் கூச்சலில் இடி இடித்தாலும் காதில் விழாது என்பது விழாக்குழுவின் நியாயம். இப்படி வாயசைத்தே ஊரில் எனக்கு நடிகை என்று பெயர் வந்துவிட்டது. எரிச்சலாக இருக்கும்.

மன்ஹாட்டனில் ஆடிஷன் ஆடிஷனாக அலைந்தேன். நாடு முழுக்கச் சுற்றும் ஓர் இசை நாடகக் குழுவின் இயக்குநர், என்னை ஒரு முறை மேடையில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். எங்கள் பொங்கல் விழாவுக்கே வருகிறேன் என்றார்.

அவர் எதிரில் வாயசைத்தால் அத்தோடு என் கதை முடிந்தது. விழா நடத்தும் அங்கிளிடம், என் பாட்டை மட்டும் நேரில் பாடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"ரிஸ்க்கே வேணாம்மா. ட்ராக் போட்டா சேஃப்."

லேப்டாப்பில் ட்ராக் ஓட்டுவது என் கணவர். அவரைத் தனியாகப் பிடித்தேன். "என் பாட்டு வர்றப்போ ம்யூட் பண்ணிடுங்க, ப்ளீஸ். நான் பாடிக்கிறேன்."

"சரி, பண்றேன்."

விழாவன்று இயக்குநர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் பாட்டுக்கான இடம் வந்தது. மூச்சை இழுத்தேன். ஸ்பீக்கரில் என் குரல் ஒலித்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டு தன்பாட்டுக்கு ஓட, நான் நின்றேன். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கணவரைப் பார்த்தேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"நிறுத்துங்க!" என்று மேடையிலிருந்தே கத்தினேன்.

லேப்டாப் மக்கர் பண்ணுகிறது என்று பயந்துபோன அங்கிள் ஓடிவந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். குழந்தைகள்கூட வாயடைத்துப் போனார்கள். மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமல், முதல் வரியிலிருந்து பாடினேன். கோபத்தில் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிலைக்கு வந்துவிட்டது. முடிந்ததும் இயக்குநர் மேடைக்குப் பின்னால் வந்து என்னுடன் தனியாகப் பேசிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன். "மறந்துட்டீங்களா?"

சிக்னலில் வண்டியை நிறுத்தினார். "இல்ல. உனக்குக் கெடச்சிட்டா மாசக்கணக்குல டூர் போயிடுவ. நானும் பாப்பாவும் என்ன பண்றது?"

மறந்துவிட்டேன் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன்.

"கெடச்சிடுச்சு" என்றேன்.