எண்ணெய் வைக்காத தலை

கொழும்புக்குத் தோணியில் சரக்கு ஏற்றிப் போன பிள்ளை சொன்ன நாளில் திரும்பவில்லை என்றால், எங்கள் திரேஸ்புரத்துத் தெருவில் தாய் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டாள். சாவு வீட்டுக்காரியும் வைக்கமாட்டாள்.

எழுபதுகளில் ஒரு வருஷம். என் மகனும், எனக்கு மதினி முறையாகும் பக்கத்து வீட்டு மயினியின் மகனும் வெங்காயம் ஏற்றிய இரண்டு தோணிகளில் ஒரே நாளில் போனார்கள். கிறிஸ்மஸுக்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. நான் சும்மாவே பயப்படுகிறவள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டதால், மற்றவர்கள் படிப்பை வைத்து யோசிப்பதை நான் பயத்தை வைத்து யோசிப்பேன். சோறு கொதிக்கும் சத்தம்கூட எனக்கு அலைச் சத்தமாகக் கேட்டது.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் தூரத்தில் ஒரு தோணியின் பாய் தெரிந்தது. மயினியும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றோம்.

“ஏளா, யாரு தோணி அது? எனக்குக் கண்ணு மங்கிக் கெடக்கு.”

“தெரியல மயினி” என்றேன். உள்ளுக்குள், “மாதாவே, என் மகன் தோணியா இருக்கட்டும்” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்ததோ ஒரே ஒரு பாய். அது எனக்கு என்றால் அவளுக்கு இல்லை. அது தெரிந்தேதான் கேட்டேன்.

எனக்கே வந்தது. மகன் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். “பெருங்காத்துல பிரிஞ்சிட்டோம்மா. பெறவு அவுங்களப் பாக்கல” என்றான். மயினி அவன் கன்னத்தைத் தடவி, “வந்துட்டியே ராசா” என்றாள். அவள் கையை நான் எப்போது விட்டேன் என்று இன்றுவரை நினைவில்லை.

இரண்டு நாளில் மாசில்லாக் குழந்தைகள் திருநாள். பூசையில், மாதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குத் தப்பியதையும், அந்தப் பிள்ளையைத் தேடிய ராசாவின் ஆட்கள் பெத்லகேமில் மற்றப் பிள்ளைகளை வெட்டியதையும் வாசித்தார்கள். சாமியார் மாதாவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார். எனக்கு வேறு நினைப்பு ஓடியது. எகிப்தில் அந்தச் சேதி அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? அன்றைக்கு எப்படிப் பால் கொடுத்தாள்? வேதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனாலும் அவள், என் பிள்ளை மட்டும் போதும் என்று கேட்கவில்லை. நான் கேட்டேன்.

அதனால் தலைக்கு எண்ணெய் வைக்காமலே இருந்தேன். மயினியின் மகனுக்காக ஜெபமாலை சொன்னேன். என் மகனுக்காகச் சொன்னபோது வந்த நடுக்கம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மயினி என் வாசலில் வந்து நின்றாள்.

“என்னளா கோலம் இது? ஒம் மவன் தின்னுட்டுத் தூங்குதான். நீ யாருக்குத் தலையக் காயப் போட்டுருக்க?”

“ஒங்களுக்காவத்தான் மயினி.”

“எம் மவனுக்கு எழவு காக்கியா? பெத்தவ நானே அவன் வருவாம்னு இருக்கேன். நீ எதுக்குளா அவனச் சாவடிக்க?”

பரிகாரம் என்று நினைத்துச் செய்தது அவள் நெஞ்சில் போய்க் குத்தியிருக்கிறது. அவளே எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். “குனி” என்றாள். தன் தலை காய்ந்து பறக்க, என் தலையில் அழுத்தித் தேய்த்தாள். “யம்மா, பாதிக் கடற்கரை மண்ணும் இங்கனதான் இருக்கு!” என்று சிரிக்கவும் செய்தாள். கையில் வலு இருந்தது. விசுவாசம் என்றால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாளுக்குப் பிறகு அவள் மகன் வந்தான். பாய்மரம் முறிந்து, ஏதோ கரையில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் மயினி அதே போத்தலோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

“இப்ப நீ வையி.”

வைத்தேன். அந்த ஒற்றைப் பாயைப் பார்த்து நான் கேட்டதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கண்ணை மூடி, தலையை என் கைக்குள் சாய்த்திருந்தாள். சொல்லவில்லை. எண்ணெய் அவள் நெற்றியில் வழிந்தது, துடைத்துவிட்டேன்.