நர்சரிக்காரர் வாயில் மண்

நர்சரிக்காரர் மண் தின்கிறார் என்று தெருவே பேசிக்கொள்கிறது. பிடி பிடியாக என்கிறார்கள் சலூனில். தேன் தொட்டுக்கொண்டு என்கிறார்கள் மருந்துக்கடையில். நேரில் போய்ப் பார்த்தால் வதந்தியில் கால்வாசி உண்மை. பச்சை வலைப் பந்தலின் கீழ், வாடிக்கையாளர் கொண்டுவந்த மண்ணில் ஒரு துளியை நுனிநாக்கில் வைக்கிறார், கண்ணை மூடுகிறார், துப்புகிறார். "உப்பு. போர்த் தண்ணிதானே ஊத்துறீங்க?"

"சோத்துல உப்பு இல்லைன்னு ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்ல இந்த மனுஷன்" என்கிறார், பைகளில் மண் நிரப்பும் மனைவி.

நாக்குக்கு அடுத்து விரல். மண்ணை நனைத்துத் திரியாக உருட்டுவார். உருட்டும்போதே உதிர்ந்தால் மணல்; மோதிரமாக வளைத்தும் உடையாவிட்டால் களிமண். "மணல் ஊதாரி. ஊத்துன தண்ணி ஒரு மணி நேரம் தங்காது. களிமண் கஞ்சன். எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வேரை மூச்சுவிட விடாது." செடி வாடினால் செடியைத் திட்டுபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "புள்ள மெலிஞ்சா சமையக்கட்டை எட்டிப் பாருங்கய்யா!"

அன்று தையல்கார அம்மா ஒரு மண்கட்டியை மேஜையில் வைத்தார். 'டொக்' என்றது. அவர் வீட்டில் இரண்டு எலுமிச்சை போய்விட்டன, மூன்றாவது இழுத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் போனால் அங்கே சிமென்ட் பூசி ஸ்கூட்டர் நிறுத்துவதாக அவர் கணவர் நாளே குறித்துவிட்டார்.

நர்சரிக்காரர் கட்டியின் மேல் தண்ணீர் விட்டுப் பார்த்தார். இறங்கவில்லை, குளம் கட்டி நின்றது. "களிமண்ணுல மணலைக் கொட்டியிருக்காங்க. செங்கல்லாவே ஆயிடுச்சு. எந்த அறிவாளி சொன்னான்?"

"நீங்கதாண்ணே. இதே மேஜையிலதான். 'களிமண்ணா? ரெண்டு சட்டி மணல் போடும்மா'ன்னீங்க. மண்ணைக் கொண்டாந்து காட்டுன்னுகூடச் சொல்லல."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அன்று பிற்பகலே நர்சரிக்காரர் மண்வெட்டியோடு தையல்கார அம்மா வீட்டில் நின்றார். வேர் அறுபடாமல் செடியைத் தூக்கினார். இறுகிய மண்ணை உடைத்து அள்ளிக் கொட்டினார். மக்கிய இலையைக் கூடை கூடையாகக் கலந்து, மறுபடி நட்டார்.

"பொழைக்குமாண்ணே?"

"அடியில ஒரு துளிர் இருக்கு. பொழைச்சுக்கும்." தொண்டையைச் செருமினார். "வந்து... அன்னைக்கு நான்..."

அம்மா காத்திருந்தார்.

"...தண்ணியை அளவா ஊத்துங்க."

"ஒரு வார்த்தை பாக்கி நிக்குதுண்ணே" என்று அம்மா சிரித்தார்.

காதில் விழாதவர் போல, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மேற்கு வெயில் படாதபடி இரண்டு குச்சிகளில் செடிக்குக் கட்டிக்கொண்டிருந்தார் அவர்.