ரம்பத்தைக் கேட்டவள்

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. கோபமெல்லாம் இல்லை, வீட்டை ஒட்டியே மர அறுவை மில். "உப்பு எடும்மா" என்று மாமனார் கேட்டால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

மாமனார் இளவயதில் தன் அப்பாவோடு, குழிக்கு மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று, கைரம்பத்தால் தடி அறுத்தவர். பிற்பாடு மின்சார ரம்பம் வாங்கினார். அவர் மகன், அதாவது அவள் கணவர், பக்கத்திலேயே பட்டறை போட்டுக் கதவு ஜன்னல் செய்தார். ஆனால் மில் ரம்பத்தை ஓட்டுவதும் கணவர்தான், வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். பல் மழுங்கினாலும் மரத்துக்குள் ஆணி இருந்தாலும் சத்தம் மாறும். அது அவர் காதுக்குத்தான் முதலில் எட்டும் என்பார்கள்.

நாற்பத்தைந்து தாண்டியதும் கணவரின் பதில்கள் கோணலாக வர ஆரம்பித்தன. "சாப்பிட வர்றீங்களா?" என்றால், "லாரி நாளைக்குத்தான் வருது" என்பார். அவள் சிரித்துக்கொண்டே தட்டு வைப்பாள். ஒருநாள் மதியம் ரம்பப் பட்டை அறுந்து பறந்தது. அதற்கு முன்பே அது கிறீச்சிட்டது எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, அவரைத் தவிர. வேலையாள் ஒருவர் பிடித்து இழுத்ததால் சட்டைக் கை கிழிந்ததோடு தப்பினார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவரின் எதிரே அவளும் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா கேக்கல?"

அவள் உதட்டையே பார்த்தபடி, "மூணு வருஷம் இருக்கும்" என்றார். "அப்பா இருந்தவரைக்கும் சொல்ல மனசு வரல. அப்புறம் சொல்லாமயே பழகிடுச்சு."

"என்கிட்டயுமா?"

அவர் கிழிந்த சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரை அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவளும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கொடுத்த காது மெஷின் வீட்டுப் பேச்சுக்கு உதவியது. மில்லிலோ இரைச்சலைத்தான் இரட்டிப்பாக்கியது. ரம்பம் இரண்டு வாரம் ஓடவில்லை. அவர் மரத்தூளைக் காலால் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலையில் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"எழுந்திரிங்க. உங்களுக்குக் கை இருக்கு, எனக்குக் காது இருக்கு. ரெண்டும் சேர்ந்தா ஒரு ஆள் ஆகாதா?"

"ரம்பத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"இருபது வருஷமா அடுப்படியில நின்னு கேட்டுட்டுத்தானே இருக்கேன். பல்லு மழுங்கினா முனகும். மரத்துல முடிச்சு வந்தா இருமும்."

அவர் எழுந்து ரம்பத்தருகே போனார்.

அன்று முதல் அவர் பின்னால் நின்று தோளில் கை வைத்துக்கொண்டாள். தட்டினால் மெதுவாக, அழுத்தினால் நிறுத்தவேண்டும். வேலையாட்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் ஒரு கிழட்டு மாந்தடியை அறுக்கும்போது இரைச்சலுக்குள் மெல்லிசாக ஒரு 'கிண்' கேட்டது. அழுத்தினாள். அவர் நிறுத்தினார். உளி வைத்துப் பிளந்தால், உள்ளே யாரோ எப்போதோ மாடு கட்டிய சங்கிலி. மரம் அதை அப்படியே விழுங்கி வளர்ந்திருந்தது.

"இன்னொரு விரக்கடை போயிருந்தா அவ்வளவுதான்க்கா" என்றார் வேலையாள்.

கணவர் சங்கிலியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "இத்தனை வருஷமும் நீ கேட்டுட்டே இருந்தியா?"

"நீங்க பத்திரமா இருக்கீங்கன்னு எனக்கு வேற எப்படித் தெரியும்?"

அப்படியே ஒன்பது வருடம் ஓடியது. பிறகு ஒரே மகள் படிப்பை முடித்து வந்தாள். அலமாரி செய்யக் கம்ப்யூட்டர் மெஷினும், இரும்பு பட்டால் தானாக நிற்கும் புது ரம்பமும் வாங்கினாள். ரம்பத்தருகே நிற்கும் வேலை போனாலும் அம்மா வீட்டுக்குள் போய்விடவில்லை. தடியைத் தட்டிப் பார்த்து வாங்குவது அவள் பொறுப்பானது.

வாசல் போர்டை மாற்றும் பேச்சு வந்தது. "கொள்ளுத்தாத்தா பேரு, பக்கத்துல 'அண்டு சன்ஸ்'. சன்ஸ் எங்க இருக்காங்கப்பா?" என்றாள் மகள்.

"உங்கம்மா பேரைப் போடு."

"பேரு இருக்கட்டும், முதல்ல பலகையைக் காயவைங்க" என்றாள் அம்மா. "ஈர மரத்துல எழுதினா யாரு பேரும் நிக்காது."

பத்து நாள் காயவைத்து, அவள் மரம் வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து மாட்டினார்கள். முதலில் அவள் பெயர், பக்கத்தில் அவருடையது. திரும்பி வந்தவள் வாசலில் நின்று போர்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"இடது பக்கம் சாஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.