தொப்பியில் விழுந்த வட்டம்

நாஞ்சாரய்யாவின் பெயருக்கு நேரே 'மூன்று புள்ளி இரண்டு' என்று எழுதியது நான்தான். அதற்கு முந்தைய மாதங்களில் அதே இடத்தில் நான்கு, நான்கு புள்ளி ஒன்று என்றுதான் இருக்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு லாரி ஓடிய கிலோமீட்டர் அது. விஜயவாடா ஆட்டோநகரில் சேஷகிரியின் லாரி ஷெட்டில் வாரத்துக்கு ஒருமுறை அதைக் குறித்து வைப்பது என் வேலை. முதல் வாரம் எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் வாரமும் அதே எண் வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் எதிரில்தான் நின்றிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எண்ணை வாசித்துச் சொல்ல வேண்டும்.

"எவ்வளவு வந்துச்சு பாப்பா?"

"மூணு ரெண்டு சித்தப்பா."

"போன வாரமும் அதானே?"

"ஆமா."

"ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. கருகருன்னு புகை வேற. நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று சொல்லவில்லை.

கடலோரத்துப் பந்தர் பக்கத்துக்காரர். சிறுவயதில் மீன்பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், கிளீனராக இந்த ஷெட்டுக்கு வந்தார். பதினாறு வருடங்களுக்கு முன் இந்தப் பத்துச்சக்கர லாரி புதிதாக வந்த அன்று, சேஷகிரியின் அப்பா தேங்காய் உடைத்துவிட்டுச் சாவியை இவர் கையில் கொடுத்தாராம். மஞ்சள்காமாலையில் படுத்த இருபது நாட்களைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டியதில்லை. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைத் தன் தோள்துண்டில்தான் துடைப்பார். அவருடைய எல்லாத் துண்டுகளிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். வண்டியை நிறுத்தியதும் ஒரு சுற்று வந்து ஒவ்வொரு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். லாரி கண்ணில் படாத கடையில் உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார்.

கொண்டபள்ளியில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர், ஒரே குழாய். அவர் மனைவி திருப்பதம்மா ரவிக்கை தைப்பாள். மகளைக் கம்மத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கொடியில் சேலைகளுக்கு நடுவே தடித்த துணிப்பை ஒன்று தினமும் காயும். சாப்பாட்டுக் கேரியருக்கு உறை என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் சாம்பல் ஒப்பந்தம் வந்தது. அனல்மின் நிலையத்துக் குளத்திலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டு, அறுபது கிலோமீட்டர் தாண்டிப் புதுச் சாலை போடும் இடத்தில் கொட்ட வேண்டும். இந்த வருடம் பிப்ரவரியில்தான் வண்டி இழுக்காமல் போனது.

மெக்கானிக் சிலார் எங்கள் ஷெட்டுக்குப் பின்னாலேயே பட்டறை வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். முதலில் எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தார். டீசல் பம்பை மேடையில் ஏற்றிப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது. வால்வு இடைவெளி, கிளட்ச், சைலன்சர் எல்லாம் பார்த்தாயிற்று. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதோ என்று சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றினார். காற்று வடிகட்டியை விளக்குக்கு எதிரே பிடித்தார்.

"மாமா, உன் வடிகட்டி கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. சாம்பல் ஓட்டுற மத்த வண்டிங்களப் பாத்திருக்கியா? தட்டினா ஒரு கூடை கொட்டும்."

"நான் பாத்துக்குறேன்ல" என்றார் நாஞ்சாரய்யா. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

வெறும் வண்டியை பைபாஸில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது. சிலார் கையைத் துடைத்துக்கொண்டே முதலாளியிடம் போய், "வண்டியில ஒண்ணும் இல்ல அண்ணே" என்றார். அவர் உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் நாஞ்சாரய்யாவின் தலையில் விழுந்தது.

வண்டியில் ஒன்றுமில்லை என்றால் டீசல் எங்கே போகிறது? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மறுநாள் டீசல் தொட்டியின் மூடிக்குப் பூட்டு வந்தது. சாவியை சேஷகிரி என் மேசையில் வைத்தார்.

"டீசல் போடுறப்போ நீ போய்த் திறந்து விடும்மா. வேற யார் கையிலயும் குடுக்காத."

நாஞ்சாரய்யா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பூட்டு போட்ட பிறகும் மூன்று புள்ளி இரண்டுதான் வந்தது.

"டீசல் குழாயக் கழட்டுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான் ஷெட்டில் பஞ்சர் ஒட்டும் டயர்க்காரன், காற்றுக்குச் சொல்வது போல.

அடுத்த வாரம் சேஷகிரி இன்னொரு டிரைவர் ஏசோபுவை மூன்று நாள் அந்த லாரியில் அனுப்பினார். ஏசோபு இளைஞன். கியரை உதைத்து உதைத்துப் போடுவான். அவனை நம்பி யாரும் புது வண்டி கொடுக்க மாட்டார்கள். மூன்று நாள் கழித்து நான் வகுத்துப் பார்த்தேன். நான்கு புள்ளி ஒன்று வந்தது. தப்பாக வகுத்துவிட்டேனோ என்று மறுபடியும் வகுத்தேன்.

"அண்ணே, உங்க வண்டி பஞ்சு மாதிரி ஏறுது" என்றான் ஏசோபு. கிண்டலாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு சேஷகிரி அவரை முற்றத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"நாஞ்சாரய்யா, எங்கப்பா காலத்து ஆளுன்னு பாக்குறேன். அதே வண்டி, அதே ரோடு, அதே சாம்பல். அவன் ஓட்டினா நாலு, நீ ஓட்டினா மூணு. நான் என்ன நினைக்கணும்?"

"வண்டியிலதான் குறை முதலாளி."

"அப்போ காட்டு. சனிக்கிழமை வரைக்கும் டைம். இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிடு."

அவர் தோள்துண்டை எடுத்து மடித்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். அன்று மாலை பஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்திருந்தார். கொண்டபள்ளி வரும்வரை திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை சிலார் தானாகவே வந்தார். "வெறும் வண்டிய ஓட்டிப் பாத்தது என் தப்பு. இன்னைக்கு நானும் லோடோட வரேன்."

"பாப்பாவும் போகட்டும். பூட்டுச் சாவி அவகிட்டதான இருக்கு" என்றார் சேஷகிரி. எதற்காக அனுப்புகிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும். கேபினில் ஏறும்போது நாஞ்சாரய்யா சாப்பாட்டுப் பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். "பாத்து ஏறும்மா, படி வழுக்கும்" என்றார். அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

குளத்தில் இயந்திரம் சாம்பலை அள்ளிக் கொட்டியது. தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டினார். பிறகு சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு அந்தத் தடித்த துணிப்பையை எடுத்தார். கேபினுக்குப் பின்னால் ஏறினார். அங்கே நெட்டுக்கு நிற்கும், எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாயில் அதைக் கவிழ்த்து, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். தலைப்பாகை கட்டுவது போல, பார்க்காமலே கட்டினார்.

சிலார் கீழே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தீக்குச்சி விரலைச் சுடும் வரை கையிலேயே இருந்தது.

"அது என்ன மாமா?"

"தொப்பி. சாம்பல் உள்ள போவக் கூடாதுல்ல."

"தினமும் கட்டுவியா?"

"லோடு ஏத்தினா கட்டுவேன். கொட்டினதும் கழட்டிடுவேன். வீட்டுல துவைச்சுக் குடுப்பா."

சிலார் பற்றாத பீடியைக் காதில் செருகினார். கேபினில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மைலவரம் தாண்டி வரும் ஏற்றத்தில் வண்டி திணறியது. நான்காவது கியர், மூன்றாவது, இரண்டாவது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலை தெரியவில்லை, அவ்வளவு கறுப்புப் புகை.

"ஓரங்கட்டு. எஞ்சின் ஓடட்டும். நீ இறங்கிப் போய் உன் தொப்பியப் பாரு. நான் மிதிக்கிறேன்" என்றார் சிலார்.

நானும் இறங்கினேன். சிலார் ஆக்சிலேட்டரை அழுத்தினார். குழாய்வாயில் இருந்த துணி கன்னம் ஒட்டிப்போன நோயாளி முகம்போல உள்ளே இழுபட்டு, கல்லாக நின்றது. காலை எடுத்ததும் மெதுவாகத் தளர்ந்தது. மறுபடியும் மிதித்தார். மறுபடியும் ஒட்டியது. நாஞ்சாரய்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலார் வந்து முடிச்சை அவிழ்த்தார். துணியின் நடுவில் வட்டமாகக் கறை. வட்டத்துக்குள் குழாய்வாயின் வலை கட்டம் கட்டமாக அச்சடித்தது போலப் பதிந்திருந்தது.

"எத்தனை மடிப்பு?"

"முதல்ல ஒண்ணுதான். அப்பவும் உள்ள தூசி போகுதுன்னு சொன்னேன். நாலா மடிச்சுத் தச்சுக் குடுத்தா."

"எப்போ?"

"சங்கராந்தி முடிஞ்சு."

பிப்ரவரிக் கணக்குத் தாள் என் கண்முன் வந்தது.

"வாயப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா நீ ஓடுவியா மாமா? காத்து இல்லாம டீசல மட்டும் குடிச்சா எரியாது, புகையாத்தான் போகும். சாம்பல் வேற மடிப்புக்குள்ள இறுகிக் கெடக்கு. என்கிட்ட வர்றப்போ இது உன் சாப்பாட்டுப் பையில இருக்கும். ஏசோபு ஓட்டினப்போ உன் வீட்டுக் கொடியில இருந்திருக்கும். அப்புறம் நான் எங்கேருந்து கண்டுபிடிக்க?"

தொப்பி இல்லாமல் அதே ஏற்றத்தில் வண்டி நான்காவது கியரிலேயே ஏறியது. நாஞ்சாரய்யாவின் கை கியர்க் கம்பியின் மேலேயே இருந்தது. மாற்றத் தேவையே வரவில்லை. அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் சொன்னார்:

"சிலார், ரப்பர் ஹோஸ் ஓட்டையா இருந்துச்சுன்னு சொல்லிடு."

"சொல்லலாம். ஏசோபு ஓட்டினப்போ அந்த ஓட்டை எங்க போச்சுன்னு கேப்பாரு. அதுக்கு என்ன சொல்ல?"

நாஞ்சாரய்யா பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார்.

"தொப்பியச் சொன்னாத்தான் உன் பேரு நிக்கும் மாமா. வேற வழி இல்ல."

"அவ கையால தச்சது."

சாம்பலைக் கொட்டிவிட்டுத் திரும்பினோம். ஷெட் வாசல் வந்தபோது, "வீட்டுப் பக்கம் இந்தப் பேச்சு வேணாம் பாப்பா" என்றார். தலையாட்டினேன்.

சிலார் வாயைத் திறக்குமுன் அவரே உள்ளே போய்த் தொப்பியை சேஷகிரியின் மேசையில் வைத்தார். யார் தைத்தது, எப்போதிலிருந்து கட்டுகிறார் என்று எல்லாவற்றையும் சொன்னார். சேஷகிரி துணியைப் புரட்டிப் பார்த்தார். வட்டத்தின்மேல் விரலை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேவலப்படுத்தும் சிரிப்பு இல்லை அது. மனசிலிருந்து பாரம் இறங்கியவரின் சிரிப்பு.

"அடப்பாவி. உன் வீட்டுக்காரி தச்ச ஜாக்கெட்டா இத்தன நாளா என் டீசலக் குடிச்சுது?"

அது போதுமாயிருந்தது. சாயங்காலத்துக்குள் ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. ஏசோபு லாரிக்கு எந்த அளவு ரவிக்கை என்று கேட்டான். டயர்க்காரன் தன் வண்டிக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னான், கழுத்து இறக்கமாக இருக்கட்டும் என்றான். நாஞ்சாரய்யா வடிகட்டியை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். இனி இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார் சிலார்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் முதலாளியிடம் போய், மேசையில் கிடந்த தொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பூட்டு?"

"அது இருந்துட்டுப் போகட்டும் நாஞ்சாரய்யா. எல்லா வண்டிக்கும் போடலாம்னு இருக்கேன்."

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. ஷெட்டில் ஏழு லாரிகள். பூட்டு ஒன்றுதான்.

எண் மறுபடியும் நான்காகிவிட்டது. வாசித்துச் சொல்கிறேன், சரி என்று போகிறார். திரும்பக் கேட்பதில்லை. டீசல் போடும்போது நான் பூட்டைத் திறந்தால், அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் டயர்களைத் தொட்டுப் பார்க்கிறார்.

கொடியில் தொப்பி இப்போதும் தினமும் காய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் திருப்பதம்மா அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் குடத்தை வைத்துவிட்டு நின்றேன்.

"முன்னெல்லாம் இதுல நடுவுல வட்டமா ஒரு கறை இருக்கும். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. கை கடுத்துடும்" என்றாள். "இப்ப முழுக்க ஒரே மாதிரி சாம்பலா இருக்கு. மேல அள்ளிப் பூசினாப்புல. உதறினாலே போயிடுது."

"சோப்பு மாத்திட்டீங்களா சித்தி?"

"அதே சோப்புதான்."

என்னைப் பார்த்தாள். நான் குடத்தைப் பார்த்தேன். நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டிக் குழாயை மூடினாள். தொப்பியைப் பிழிந்து, நாடாவை நீவி நேராக்கி, கொடியில் போட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். கேரியரின் மேல் தொப்பியை மடித்து வைத்து அவரிடம் நீட்டினாள். "மறக்காம கட்டுங்க" என்றாள். அவர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் வரும்வரை மூன்றடி தள்ளி நின்றோம். டீசல் தொட்டியின் சாவி என் கைப்பையில் இருந்தது.