சார்ட்டில் ஏறாத சாயா

என் வயிறு ஒரு வருஷமாக என் பேச்சைக் கேட்பதில்லை. காலை பத்து மணிக்கு, ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன், உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பும். முன்பெஞ்சுப் பிள்ளைகள் குனிந்து சிரிப்பார்கள். சிரிக்காதே என்று அதட்டினால் வயிறு இன்னும் உரக்கப் பேசும். மானம் கப்பலேறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சந்தேகப்படுகிற எல்லாவற்றையும் மூன்று வாரம் நிறுத்த வேண்டும். வயிறு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது வேலையைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பால், கோதுமை, முட்டை, பயறு என்று எழுதிக்கொண்டே போனவர் கடைசியில் மீன் என்றும் எழுதினார். எனக்குத் திக்கென்றது. இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றை நான் ஆயுசுக்கும் தலைமுழுக வேண்டும். எது வேண்டுமானாலும் போகட்டும், மீன் மட்டும் கூடாது என்று அங்கேயே கும்பிட்டுக்கொண்டேன்.

என் கணவர் இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஊர் திரும்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு ஆணி வெளியே போனாலும் கையெழுத்து வாங்கிய மனிதருக்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. டாக்டர் சீட்டைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது. அன்றைக்கே ஒரு அட்டையில் கோடு கோடாகச் சார்ட் போட்டு பிரிட்ஜில் ஒட்டினார்.

“இனி எனக்க அப்ரூவல் இல்லாம ஒரு சாதனமும் அடுக்களையில கேறப்பிடாது, கேட்டியா?”

“ஆகட்டும் சார்,” என்றேன்.

அடுக்களையில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சாயா. அவர் வளைகுடாவில் இருந்த வருஷமெல்லாம் நான் ஐந்து மணிக்கு எழுந்து, தனியாக, பால் விடாத ஒரு கட்டன் சாயாவை நின்றபடியே விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியவள். பால்காரர் வருவதற்குள் என் பஸ் வந்துவிடும். அவர் ஊர் வந்த மறுநாள் கண் விழிக்கிறேன், கட்டிலருகே ஒரு டம்ளர். முந்தின நாளே பால் வாங்கி வைத்து, கெட்டியாகக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, நுரை பொங்க ஆற்றிய சாயா. அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அதைக் கையில் வாங்கும்போது நான் மகாராணி.

அந்தச் சாயாவைக் குடித்துக்கொண்டேதான் தினமும் எங்கள் விசாரணை நடந்தது.

“நேத்து பாலு குடிச்சியா?”

“இல்ல.”

“தயிரு? மோரு?”

“இல்லவே இல்ல.”

ஒரு மடக்கு குடிப்பார், ஒரு டிக் போடுவார். நானும் ஒரு மடக்கு குடிப்பேன்.

மூன்று வாரமும் கஞ்சியும் தேங்காய் போட்டு வதக்கிய புடலங்காய்த் துவரனும்தான். இனயத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா வாசலில் நின்று சண்டைக்கே வந்துவிட்டாள். “எனக்க சாளையைத் தின்னு வயிறு கெட்டுன்னு இந்தத் தெருவுல ஒருத்தி சொல்லட்டும் பாப்போம் டீச்சரே! அந்த டாக்டரை இனயத்துக்கு ஒருக்க வரச்சொல்லும்.” அவள் பாத்திரத்தில் சாளை மின்னியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இவ்வளவு செய்தும் வயிறு அடங்கவில்லை. பத்து மணி ஆனால் கடகட. என் கணவருக்கு ஸ்டோர் புத்தி கிளம்பிவிட்டது.

“நீ ஸ்கூல்ல வச்சு எதையோ களவா திங்குகா.”

“மூணு வாரமா புடலங்கா தின்னு நானே கொடியா படரப் போறேன். இதுல எனக்க மேல களவுக்குத்தம் வேறயா?” என்று எரிந்து விழுந்தேன்.

இந்தச் சமயத்தில், வளைகுடாவில் அவரோடு வேலை பார்த்தவருக்கு அஞ்சுகிராமத்தில் புதுவீட்டுப் பால்காய்ச்சு வந்தது. இரண்டு நாள் போய்வந்தார். அவர் பஸ் வளைவு திரும்பியதும் நான் மீன்காரி அக்காவுக்குப் போன் போட்டேன். ஆமாம், போட்டேன்! செத்தாலும் சாளைக்கறி தின்றுவிட்டுச் சாகிறேன் என்று வைராக்கியம் வந்துவிட்டது. மரச்சீனிக்கிழங்கை அவித்து, தேங்காய் அரைத்த கறியை ஊற்றி, இரண்டு நாளும் மூக்குப் பிடிக்கத் தின்றேன். வயிறு என்ன செய்யும் என்று பயந்து பயந்துதான் பள்ளிக்கூடம் போனேன். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. ஒரு சத்தமில்லை. மறுநாளும் இல்லை.

அவர் திரும்பி வந்ததும் சார்ட்டில் இரண்டு நாள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தார். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சார்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மீனும் தின்னுருக்கா, கிழங்கும் தின்னுருக்கா. ஒண்ணும் செய்யல்ல. அப்போ இந்த ரெண்டு நாளும் வீட்டுல இல்லாதது நான் ஒருத்தனாக்கும்.” குரல் இறங்கிவிட்டது. “ஒனக்கு ஒத்துக்காதது நான்தானாட்டி?”

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பாதியில் நின்றுவிட்டது சிரிப்பு.

“நீங்க இல்லாததினால ரெண்டு நாளும் கட்டன் சாயாதான் போட்டுக் குடிச்சேன்,” என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் சாயாவை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை, நாலு சாயாதான் குடித்தேன் என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச் சொன்னால், ஒரு சாயா குடித்துவிட்டுப் போய் வெறும் வயிறு என்று சத்தியம் செய்வோம். அவர் வந்து ஒன்றரை வருஷம், என் வயிறு கெட்டு ஒரு வருஷம். இவ்வளவு பெரிய சார்ட்டில் சாயாவுக்கு ஒரு கட்டம் இல்லை.

அவர் பேனாவை எடுத்தார். பட்டியலுக்கு அடியில் மெதுவாக ‘சாயா’ என்று எழுதினார். பெருக்கல் குறி போடக் கை போனது, போடாமல் நின்றது. இந்த வீட்டில் எனக்காக அவர் செய்கிற ஒரே வேலை அந்தச் சாயா. மீனுக்காக அவ்வளவு கும்பிட்டவள், இதற்காக ஒரு வார்த்தை கும்பிடவில்லையே.

“சாயா ஒண்ணும் செய்யல்ல,” என்று பேனாவைப் பிடுங்கினேன். “பாலாக்கும் குத்தவாளி.” பால் என்ற வரிசையில் நானே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். அவர் எழுதிய சாயாவுக்கு எதிரே ஒரு டிக்கும் போட்டேன்.

மறுநாள் காலை கண் விழித்தபோது கட்டிலருகே டம்ளர் இருந்தது. கட்டன், ஏலக்காய் தட்டிப் போட்டது. அவர் கையிலும் கட்டன்தான்.

“நீங்க எதுக்கு இதைக் குடிக்குதீங்க? பால் ஊத்திக் குடிக்கலாமே?”

“ரெண்டு விதமாட்டுப் போட எனக்கு அறியாது,” என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.