தறிக்குழிக்கு வாடகை

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. முன்னறையில் என் மனைவி நெய்கிற குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்துப் பட்டு நெய்வாள். மீதி இடத்தில்தான் நாங்களும் இரண்டு பிள்ளைகளும். வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் வாடகையை ஏற்றுவார். ஏற்றிவிட்டு, "புடிக்கலன்னா காலி பண்ணிக்கினு போப்பா" என்பார். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரியும்.

கணக்குப் போட்டோம். வாடகை கொடுத்தால் போனதுதான், தவணை கட்டினால் வீடாவது மிஞ்சும். என் தொழிற்சாலைச் சம்பளம் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும், அவள் நெய்கிற கூலி வீட்டுக் கடனுக்கு. மனை வாங்கிக் கட்ட வக்கில்லை. ஊருக்கு வெளியே அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில் ஒரு வீடு கைக்கு எட்டியது. அவளும் வந்து பார்த்தாள். குழாயைத் திறந்து திறந்து மூடினாள். ஹாலில் ஜன்னலோரத்தைக் காட்டி, "தறிய இங்க போட்டுக்கலாம், வெளிச்சம் நல்லா இருக்குது" என்றாள். நானும் தலையாட்டினேன். அவள் நகையை விற்று, கடனும் வாங்கிப் பத்திரம் முடித்தோம்.

தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூல் நெய்து முடிந்ததும் தறியைப் பிரிக்க அவள் தம்பியைக் கூப்பிட்டேன். தறி பூட்டுவதுதான் அவன் தொழில். பிரிக்கும் முன் புது வீட்டு ஹாலைப் பார்க்க வந்தவன் குனிந்து டைல்ஸைத் தட்டினான்.

"மாமா, கீழ யாராவது இருக்காங்களா?"

"ஒரு குடும்பம் இருக்குது."

"அப்ப குழிய எங்க வெட்டுவீங்க?"

அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து தறி என்றால் அதன் அடியில் குழி, குழிக்கு அடியில் மண். தரைக்குக் கீழே இன்னொருவர் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவே இல்லை. குழி வெட்டாமல், இரும்புச் சட்டம் அடித்துத் தறியைத் தரைக்கு மேலேயே நிறுத்தலாம் என்று மச்சான் யோசனை சொன்னான். கீழ்வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தலைமேல நாளெல்லாம் இடிச்சா நாங்க எப்படிங்க இருக்கிறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

வீட்டை விற்கலாமென்று விசாரித்தேன். கேட்டவர்கள் சொன்ன விலைக்குக் கொடுத்தால் கடன்கூட அடையாது. அவள் நெய்யாவிட்டால் தவணை இல்லை, தவணை கட்டாவிட்டால் வீடு இல்லை. தறிக்கு மட்டும் ஓர் அறை கேட்டுத் தெருத்தெருவாக அலைந்தேன். குழி என்றதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில், எவரிடம் "இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேனோ, அந்தப் பழைய வீட்டுக்காரர் வாசலிலேயே போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"குழி வெட்டுன வூட்ட வேற யாருக்கு வுடறது? தறி இருந்துட்டுப் போவட்டும்பா. வாடக மட்டும் அதேதான்."

இப்போது வாடகையும் கட்டுகிறோம், தவணையும் கட்டுகிறோம். காலையில் அவள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பழைய வீட்டுக்கு நெய்யப் போகிறாள். நேற்று பஸ்ஸை விட்டு இறங்கி அங்கே போனேன். தவணை தவறியதற்கு வங்கியிலிருந்து மறுபடியும் போன் வந்திருந்தது. அதைச் சொன்னேன். நெய்வதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எத வுட்டுடலாம், நீங்களே சொல்லுங்க. நாம படுக்கிற எடத்தையா, நமக்குச் சோறு போடுற எடத்தையா?"