கூடையில் சேர்வது

நீச்சல் குளத்தை ஒட்டிய மோட்டார் அறையில் ஒரு கூடை உண்டு. குளத்துத் தண்ணீர் முழுவதும் அதன் வழியாகத்தான் சுற்றி வரும். தினமும் காலை ஆறு மணிக்கு அவள் நான்கு திருகுகளைக் கழற்றி மூடியைத் திறப்பாள். முடிதான் அதிகம். ஒன்றோடொன்று பின்னி, செத்த எலியின் கனத்தில் ஓர் உருண்டை. அதற்குள் புண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகள், நகத்துண்டு, மென்று துப்பிய சூயிங்கம், சில நாள் ஒரு பால்பல். கையுறை போட்ட கையால் அள்ளிக் குப்பை வாளியில் போட்டுவிட்டு வெளியே வந்து துப்புவாள். பதினோரு வருடங்களாகத் துப்புகிறாள்.

சுத்தக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் டிக்கெட் கொடுப்பவர். பெயரில் கேலி இருந்ததே தவிரப் பொய் இல்லை. சின்ன வயதிலேயே, ஐந்து பிள்ளைகள் வளர்ந்த அப்பா வீட்டில், தன் தம்ளரைத் தனியாக மாடத்தில் வைத்திருந்தவள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டாள். காலை அகட்டி நின்றே வருவாள். லாரி ஓட்டும் கணவர் பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். வாசலிலேயே சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவாள். இப்படிப்பட்டவளுக்கு ஊரார் அழுக்கை அள்ளும் வேலை. கேட்டால், "நான் இல்லேன்னா இன்னும் நாறும்" என்பாள்.

குளத்துத் தண்ணீரை வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள். மற்ற நாளெல்லாம் குளோரின் மருந்துதான். காலையில் கண்ணாடி மாதிரி இருப்பது மாலை நான்கு மணிக்குக் கழனித் தண்ணீராகிவிடும். விடுமுறை நாட்களில் நூற்றைம்பது பிள்ளைகள் வருவார்கள். குளித்துவிட்டு இறங்கவும் என்று பலகை இருந்தது. யாரும் குளிப்பதில்லை. நாலு மணி நேரம் தண்ணீரில் கிடக்கும் பிள்ளைகளில் ஒன்றுகூடக் கழிவறைப் பக்கம் வருவதில்லை. அது ஏன் என்று யோசிக்க வேண்டியதில்லை. மோட்டார் பழுது பார்க்க வந்த மெக்கானிக் ஒருமுறை சொல்லியிருந்தான்: மருந்துக்குத் தனியாக அவ்வளவு வாடை கிடையாது, மூத்திரத்தோடு சேர்ந்தால்தான் மூக்கைத் துளைக்கும் என்று.

மேனேஜரிடம் அவள் முறையிட்டுப் பார்த்தாள்.

"விடும்மா. சின்னப் பசங்க. கடல்ல கரைச்ச பெருங்காயம்."

"கடலா சார் இது? தொட்டி. பெருங்காயம் நூத்தம்பது பேரு கரைக்கிறாங்க."

டிக்கெட் கொடுப்பவர் சிரித்தார். "மூக்கு உள்ளவரைக்கும் சளி இருக்கும், சுத்தக்காரி. உனக்கு மூக்குதான் பிரச்சனை."

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். போன விடுமுறையில் பார்த்துக்கொண்ட அடுத்த வீட்டு அக்கா வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். கணவர் போனில் சொன்னார்: "ஊர்ப் பிள்ளைங்கல்லாம் காசு குடுத்து வருதுங்க. நம்ம புள்ளைக்கு ஓசி. தண்ணில போட்டுட்டு நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

பணியாளர் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது என்பது உண்மைதான். மேனேஜரே இரண்டு முறை கூப்பிட்டார். மகளுக்கு அந்த நீலத்தைப் பார்த்தாலே கால் நிற்காது.

"தண்ணி பக்கம் போனே, தோலை உரிச்சிடுவேன்" என்று அவள் சொல்லிவைத்தாள்.

ஆகவே பிள்ளையை மோட்டார் அறையில் உட்கார வைத்து, காசில்லாமல் பொழுதைப் போக்கிக்காட்ட வேண்டியிருந்தது. தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டுக் கொடுத்தாள். பழைய அறிவிப்புத் தாள்களின் பின்பக்கத்தைப் படம் வரையக் கொடுத்தாள். வாளித் தண்ணீரில் பாட்டில் மூடியை மிதக்கவிட்டு, கல் எறிந்து கவிழ்க்கச் சொன்னாள். ஒவ்வொரு விளையாட்டும் இரண்டு நாள் தாங்கியது. சுவருக்கு அந்தப்பக்கம் நூற்றைம்பது பிள்ளைகள் கத்தினார்கள். மகள் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதையும் அவள், தான் கொடுத்த விளையாட்டுகளில் ஒன்றாகத்தான் கணக்கில் வைத்தாள்.

மூன்றாவது வாரம் ஒருநாள் உள்ளே மகள் யாருடனோ பேசுவது கேட்டது.

"தல காஞ்சிடுச்சா? திரும்பு, பின்னி விடறேன். ஆடாத."

எட்டிப் பார்த்தாள். யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பை மகள் சுவரில் சாய்த்திருந்தாள். அதற்குக் கண் வாய் எல்லாம் வரைந்திருந்தது. உச்சியில் முடி. குப்பை வாளியிலிருந்து எடுத்து, அலசி, குழாய் மேல் காயப்போட்டு, முன்பின் தெரியாத ஐம்பது தலைகளின் முடியை இரட்டைச் சடையாகப் பின்னியிருந்தாள்.

அவள் ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதைப் போயி கையால தொட்டியாடி?"

"கழுவிட்டேம்மா. சோப்பு போட்டு. உன்ன மாதிரியே மூணு தடவ."

"தூக்கிப் போடு."

"இவ ஒண்ணும் பண்ணலம்மா. இவளும் தண்ணில எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் மகளின் கையை விட்டாள். குளத்தில் மிதப்பதை அள்ளும் வலைக்கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வெளியே ஒரு பெண் மேனேஜரை நிறுத்தி வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் பையன், கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"நேத்து இங்க குளிச்சதுலேருந்து இப்படி. என்ன வாடை இது?"

"மருந்தும்மா. வாடை அடிச்சாத்தான் சுத்தம்னு அர்த்தம்."

அந்தப் பெண் நம்பவில்லை. வலைக்கம்போடு நின்றவளைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. கூட்டிப் பெருக்கறவங்களுக்குத்தான் நெசம் தெரியும். உங்க புள்ளைய இதுல விடுவீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு வருடமாக நாக்கு நுனியில் இருந்த பதில்தான். மோட்டார் அறை வாசலில் செருப்பை இடுக்கிக்கொண்டு மகள் நின்றாள். தண்ணீருக்குள் இருப்பவளைப் போல மூச்சை அடக்கியிருந்தாள்.

"விடுவேன்."

அந்தச் சொல் மேனேஜருக்காக வந்ததா, மகளுக்காக வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வாயில் இன்னும் வாந்தியின் புளிப்பு இருந்தது.

"அப்ப விடுங்க, பாக்கறேன்."

நீச்சல் உடை இல்லையே என்றாள். கடைசிப் பிடி. மேனேஜர் தொலைந்த பொருட்கள் பெட்டியைக் கிளறி ஒன்றை எடுத்துவிட்டார். மஞ்சள். எந்தப் பிள்ளையுடையதோ. மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்து ஓரத்தில் கரும்புள்ளி பூத்திருந்தது. கழுவட்டுமா என்று கேட்பதற்குள் மகள் அதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இடுப்பளவுத் தண்ணீர். அதில் மகள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். வாயைத் திறந்து சிரித்தாள். திறந்த வாய்க்குள் தண்ணீர் போவதையும் அது விழுங்கப்படுவதையும் அவள் கரையில் நின்று பார்த்தாள். ஓரமாக ஒரு பிளாஸ்திரி மிதந்து வந்தது. மகளுக்கு முன்னால் அதை வலையில் எடுத்தாள். அந்தப் பெண் சமாதானமாகி டிக்கெட் எடுத்தாள். சிவந்த கண்ணோடு பையனும் இறங்கினான். அவனைப் பார்க்க அவளால் முடியவில்லை. வேறு பக்கம் திரும்பினால் மேனேஜர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தட்டிக்கொடுப்பது போல.

சாயங்காலம் வீட்டில் மகளை நிற்க வைத்துத் தேய்த்தாள். காதுக்குள், விரலிடுக்கில், நாக்கில்கூட.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்."

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது."

"சொல்லு."

"நானும் தண்ணிக்குள்ளயே போயிட்டேன். எல்லாரும் அங்கதாம்மா போறாங்க. சூடா இருக்கும்."

கை அப்படியே நின்றது. மகள் வெட்கத்தோடு சிரித்தாள். இந்த விடுமுறையில் பிள்ளை அப்படிச் சிரித்தது அதுதான் முதல்முறை. அவள் மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு மூடியைத் திறந்தாள். அதே உருண்டை. அதற்குள் சடைக்குப் போடும் பச்சை நிற ரப்பர் பட்டை ஒன்று. போன வாரம் அவள்தான் மகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். அதைச் சுற்றி முடி இறுகியிருந்தது. பிரித்துப் பார்த்தாள். எது மகளுடையது என்று தெரியவில்லை.

மொத்தத்தையும் வாளியில் போட்டாள். பட்டையை மட்டும் எடுத்துக் கழுவினாள். மூன்று தடவை. முகர்ந்து பார்த்துவிட்டு அதையும் போட்டாள்.

பின்னால் மஞ்சள் உடையில் மகள் தயாராக நின்றாள். "எப்பம்மா தொறப்பாங்க?"

அவள் வெளியே போய்த் துப்பினாள்.

"ஒம்பது மணிக்கு" என்றாள்.